சிறு டிராக்டருக்கு ஏற்ற விரைவு இணைப்பு எது?

தென்னை, வாழை, கரும்பு முதலிய பயிர்களின் வரிசைகளுக்கிடையே உழுவதற்கும் களை நீக்குவதற்கும் 15 முதல் 30 குதிரைச் சக்தி வரையுள்ள சிறு டிராக்டர்கள் இப்பொழுது பல கிராமங்களில் கையாளப்பட்டு வருகின்றன. பெரிய டிராக்டர் நுழைய முடியாத தோட்டக்கால்களில் இவை செய்யும் உதவி எல்லோரும் அறிந்ததே. ஆனால் சிறு டிராக்டர் வைத்திருப்பவர் ஒரே கருவியைக் கொண்டு வருஷம் முழுவதும் வேலை செய்துவிட முடியாது. காலையில் கொழுக் கலப்பை, பகலில் ரோட்டவேட்டர், மாலையில் பார் போடும் கருவி, மறுநாள் எரு ஏற்ற டிரெய்லர் என்று ஒரே யந்திரத்தின் பின்னால் பல கருவிகள் மாறி மாறிப் பூட்டப்படுகின்றன. ஒவ்வொரு மாற்றத்திற்கும் இருவர் உழைப்பும், பல சமயங்களில் அரை மணி நேரமும் செலவாகின்றன.

இந்த மாற்றத்தை எளிதாக்கும் பொருட்டு ‘குவிக் ஹிட்ச்’ என்ற பெயரில் பலவகை விரைவு இணைப்புகள் விற்பனைக்கு வந்துள்ளன. அவற்றைப் பற்றிக் குடியானவர்களிடையே இரண்டு அபிப்பிராயங்கள் நிலவுகின்றன. “இது வீண் ஆடம்பரம்; ஒரு கூலியாள் இருந்தால் போதும்” என்று சிலர் ஒதுக்கிவிடுகின்றனர். வேறு சிலர் வியாபாரியின் சொல்லை நம்பி ஒன்றை வாங்கி, வீட்டிலுள்ள கருவிகளில் ஒன்றுகூட அதில் பொருந்தாமல் போகவே, அதைக் கொட்டகையின் மூலையில் சார்த்தி வைத்துவிட்டுப் பழைய முறைக்கே திரும்பிவிடுகின்றனர். முன்னவர் இதன் நன்மையை அறியவில்லை. பின்னவர் அளவை அறியவில்லை.

விரைவு இணைப்பின் முதல் நன்மை நேரச் சிக்கனமன்று. ஓடும் டிராக்டருக்கும் கருவிக்கும் நடுவே ஒரு மனிதன் நிற்க வேண்டிய அவசியத்தை அது நீக்குகிறது என்பதே அதன் தலையான பயன். எந்த வகை இணைப்பு ஏற்றது என்பதோ டிராக்டரை மட்டும் பார்த்துத் தீர்மானிக்கக் கூடிய விஷயமன்று. வைத்திருக்கும் கருவிகளை அளந்து பார்த்தே தீர்மானிக்க வேண்டும். இவ்விரண்டையும் மனத்தில் கொண்டு ஆராய்ந்தால், யாருக்கு எது தேவை, யாருக்கு எதுவுமே தேவையில்லை என்பது தெளிவாகும்.

மூன்று முனை இணைப்பும் அதன் தொல்லையும்

டிராக்டரின் பின்புறத்தில் இரண்டு கீழ்க்கைகளும், அவற்றிற்கு மேலே நடுவில் ‘டாப் லிங்க்’ என வழங்கும் மேல்தண்டு ஒன்றும் இருப்பதை எல்லோரும் பார்த்திருக்கலாம். இம்மூன்று முனை இணைப்பை நடைமுறைக்குக் கொண்டு வந்த பெருமை அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குஸன் என்பாரைச் சாரும். அவர் முறைப்படி அமைந்த டிராக்டர் 1936-ஆம் வருஷத்தில் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. 1939-இல் அமெரிக்காவில் ஹென்றி போர்டின் தொழிற்சாலையும் அம்முறையைக் கைக்கொண்டது. அதற்கு முன் கலப்பையை வண்டிபோல் பின்னால் கட்டி இழுத்து வந்தனர். கலப்பை கல்லிலோ வேரிலோ மாட்டிக் கொண்டால் டிராக்டர் முன்னங்கால் தூக்கிய குதிரைபோல் எழுந்து பின்புறமாகக் கவிழ்வதுண்டு. மூன்று முனை இணைப்பு அந்த அபாயத்தைப் பெரிதும் குறைத்ததோடு, கருவியின் பாரத்தைப் பின் சக்கரங்களின் மேல் ஏற்றி, இலேசான டிராக்டரும் நன்றாக உழும்படி செய்தது. சிறு டிராக்டர் என்ற யந்திரம் இன்று சாத்தியமாக இருப்பதற்கே இது ஒரு முக்கிய காரணம் எனலாம்.

இத்துணை நன்மையுள்ள முறையில் ஒரு தொல்லையும் உண்டு. மூன்று முனைகளும் ஒரே சமயத்தில் ஒத்து வரவேண்டும். முதலில் இடது கீழ்க்கையைக் கருவியின் முளையில் மாட்ட வேண்டும். பிறகு, உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் கூடிய வலது கீழ்க்கையைச் சரிப்படுத்தி மாட்ட வேண்டும். கடைசியில் மேல்தண்டைத் திருகி நீட்டியோ சுருக்கியோ பூட்ட வேண்டும். ரோட்டவேட்டராயின் பி.டி.ஓ. ஷாப்டையும் சேர்க்க வேண்டும். டிராக்டர் ஓர் அங்குலம் கோணலாக நின்றாலும் முளை துளையில் புகாது. 200 கிலோ எடையுள்ள ரோட்டவேட்டரைக் கையால் நகர்த்துவதும் எளிதன்று.

ஆகவேதான் ஒருவர் டிராக்டர்மேல் அமர்ந்து பின்னுக்கு வர, மற்றொருவர் சக்கரத்திற்கும் கருவிக்கும் நடுவே குனிந்து நின்று, “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்” என்று கைகாட்டும் வழக்கம் ஏற்பட்டது. கிளட்சின்மேல் வைத்த கால் ஒரு கணம் வழுக்கினால் போதும். நடுவே நிற்பவர் நசுங்கிப் போவார். ஹைட்ராலிக் நெம்புகோலில் கை தெரியாமல் பட்டால், துளையில் வைத்த விரல் துண்டாகும். அவ்வாறு குனிந்து நிற்பவர் பெரும்பாலும் அன்றாடக் கூலிக்கு வந்த ஆளாகவோ, பள்ளி விடுமுறையில் தகப்பனாருக்கு உதவ வந்த பையனாகவோ இருக்கிறார். அரை மணி நேரம் மிச்சமாவது பெரிதன்று. அந்த இடத்தில் எவரும் நிற்காமற் செய்வதே பெரிது. விலையைக் கணக்கிடுவோர் இதையும் அந்தக் கணக்கிலே சேர்க்க வேண்டும்.

நான்கு வகை இணைப்புகள்

சர்வதேச அளவுக் கழகம் ஐ.எஸ்.ஓ. 11001 என்ற வரிசையில் இத்தகைய இணைப்புகளை நான்கு வகையாகப் பிரித்திருக்கிறது. அவற்றுள் சிறு டிராக்டருக்குப் பெரிதும் உதவக் கூடியவை மூன்று.

முதலாவது, தலைகீழாகக் கவிழ்த்த ‘யு’ எழுத்தைப் போன்ற சட்டம். இது டிராக்டரின் மூன்று முனைகளிலும் நிரந்தரமாகப் பூட்டப்படும். இதன் உச்சியில் ஒரு கொக்கியும் இரு கால்களிலும் இரண்டு கொக்கிகளும் மேல்நோக்கி வாய் திறந்திருக்கும். ஓட்டுபவர் சட்டத்தைத் தாழ்த்திப் பின்னுக்கு வந்து, கருவியின் மூன்று முளைகளுக்கும் கீழே கொக்கிகள் வந்ததும் ஹைட்ராலிக்கை உயர்த்தினால், முளைகள் கொக்கிகளில் அமரும். கீழ்க் கொக்கிகளில் தாழ்ப்பாள் விழுந்து பிடித்துக் கொள்ளும். நடுவில் திறந்த இடம் இருப்பதால் பி.டி.ஓ. ஷாப்ட் தடையின்றிச் செல்லும். கருவியில் பெரிய மாறுதல் செய்யாமலே பூட்டலாம் என்பது இதன் சிறப்பு. ஆனால் கருவியின் மூன்று முளைகளும் குறித்த அளவில் அமைந்திருந்தால் மட்டுமே அது உண்மையாகும்.

இரண்டாவது, முக்கோணச் சட்டம். டிராக்டரில் ஒரு முக்கோணமும், ஒவ்வொரு கருவியிலும் அதைத் தன்னுள் ஏற்றுக் கொள்ளும் மற்றொரு முக்கோணமும் அமைக்கப்படும். டிராக்டரைப் பின்னுக்குக் கொண்டு வந்து தூக்கினால், ஒன்று மற்றொன்றினுள் தானே வழிப்பட்டு அமர்ந்துவிடும். டிராக்டர் சற்றுக் கோணலாக வந்தாலும் இது பொருந்தும், அமைப்பும் உறுதியானது. ஆனால் கருவி ஒவ்வொன்றிலும் முக்கோணம் வைத்து வெல்டிங் செய்தாக வேண்டும். கருவிகள் நான்கானால் செலவும் நான்கு மடங்கு. இரவல் வாங்கிய கருவியில் முக்கோணம் இராது. ஆகவே அதைப் பூட்ட இயலாது. ரோட்டவேட்டர் வைத்திருப்பவர்கள், ஷாப்ட் முக்கோணத்தினுள் இடிபடாமல் சுழல இடமிருக்கிறதா என்பதையும் பார்த்துக் கொள்ள வேண்டும்.

மூன்றாவது, கீழ்க்கைகளின் நுனியிலேயே அமைந்த கொக்கிகள். கருவியின் கீழ் முளைகளில் உருண்டையான குண்டுகளைக் கோத்து வைத்தால், இக்கொக்கிகள் கீழிருந்து வந்து அவற்றைக் கவ்விக் கொள்ளும். மேல்தண்டை மட்டும் கையால் மாட்ட வேண்டும். சட்டம் எதுவும் இல்லாமையால் எடை கூடுவது சொற்பம்; கருவியும் பின்னுக்குத் தள்ளிப் போவதில்லை. விலையிலும் இதுவே பெரும்பாலும் குறைவானது.

இம்மூன்றுமன்றி, விரைவு இணைப்பு என்ற பெயரில்லாத ஓர் ஏற்பாடும் உண்டு. கீழ்க்கைகளின் நுனி நான்கைந்து அங்குலம் இழுத்து நீட்டக் கூடியதாய் அமைந்திருக்கும். நீட்டிய நுனியை முளையில் மாட்டிவிட்டு, டிராக்டரைச் சற்றுப் பின்னுக்குக் கொண்டு வந்தால் அது தானே உள்ளே சென்று பூட்டிக் கொள்ளும். டிராக்டர் மிகச் சரியாக வந்து நிற்க வேண்டும் என்ற கட்டாயத்தை இது நீக்குகிறது. ஒருவரே, டிராக்டரை நிறுத்திய பின் இறங்கி வந்து மாட்டலாம்.

வாங்குமுன் அளக்க வேண்டியவை

விரைவு இணைப்பு வாங்க விரும்புவோர் கடைக்குச் செல்லுமுன் ஓர் அளவு நாடாவை எடுத்துக் கொண்டு தம் கொட்டகைக்குச் செல்ல வேண்டும். மூன்று முனை இணைப்புகளுக்கு ஐ.எஸ்.ஓ. 730 என்ற சர்வதேச அளவு ஏற்பட்டுள்ளது. அதன்படி முதல் வகுப்பில் கீழ் முளைகளின் விட்டம் 22 மில்லிமீட்டர், மேல் முளையின் விட்டம் 19 மில்லிமீட்டர். இரண்டாம் வகுப்பில் இவை முறையே 28-க்கும் 25-க்கும் சற்று மேற்பட்டவை. கருவியின் இரு கீழ் முளைகளுக்கும் இடைப்பட்ட தூரம் முதல் வகுப்பில் 683 மில்லிமீட்டர், இரண்டாம் வகுப்பில் 825 மில்லிமீட்டர். இவையன்றி முதல் வகுப்பிலேயே ‘குறுகிய’ என்ற உட்பிரிவும் உண்டு. அதில் தூரம் 400 மில்லிமீட்டர்தான். மிகச் சிறிய டிராக்டர்களுக்கான கருவிகள் சில இந்த உட்பிரிவில் அமைந்தவை. 683 மில்லிமீட்டருக்கு ஏற்ற சட்டத்தை வாங்கிவிட்டு 400 மில்லிமீட்டர் கருவியில் பொருத்த முயல்வது, குதிரைக்குத் தைத்த சேணத்தை ஆட்டின்மேல் போடுவது போலாகும்.

‘யு’ சட்டத்திற்கு மேலும் ஓர் அளவு முக்கியமானது. அமெரிக்க விவசாய என்ஜினீயர்களின் சங்கம் வகுத்த முறைப்படி, முதல் வகுப்புச் சட்டத்தில் கீழ்க் கொக்கிகளுக்கும் மேல் கொக்கிக்கும் இடையேயுள்ள உயரம் 15 அங்குலம், அதாவது 381 மில்லிமீட்டர். கருவியின் மேல் முளையும் அதே உயரத்தில் இருந்தாக வேண்டும். தொழிற்சாலைக் கருவிகளிலேயே இது மாறுபடுவதுண்டு. உள்ளூர்ப் பட்டறைகளில் செய்த கருவிகளைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. பட்டறைக்காரர் கையிலிருந்த இரும்பின் நீளத்திற்கேற்பக் கொம்பை நிறுத்தியிருப்பார். ஒன்றில் 17 அங்குலமும் மற்றொன்றில் 19 அங்குலமுமாக இருந்தால் சட்டம் இரண்டிலும் அமராது. சில சட்டங்களில் மேல் கொக்கியை ஏற்றி இறக்கிக் கொள்ள வசதி உண்டு. கருவிகள் பல அளவில் இருப்பவர்களுக்கு அத்தகைய சட்டமே ஏற்றது.

கொக்கியின் வாயும் முளையைவிடப் பருமனானது. கீழ் முளைகளில் சுமார் 36½ மில்லிமீட்டர் பருமனுள்ள ‘புஷ்’களையும், மேல் முளையில் சுமார் 32 மில்லிமீட்டர் பருமனுள்ள புஷ்ஷையும் கோத்தால்தான் அது ஆடாமல் நிற்கும். கருவி ஒன்றுக்கு 3 புஷ்கள் வீதம் 4 கருவிகளுக்கு 12 புஷ்கள் வேண்டும். சட்டத்தின் விலையை மட்டும் கேட்டு வருவோர் இந்தச் செலவையும், கொம்பின் உயரத்தை மாற்றும் வெல்டிங் கூலியையும் மறந்துவிடுகின்றனர். புஷ் இல்லாமல் ஓட்டினாலோ, கருவி ஒவ்வொரு குலுக்கலிலும் கொக்கியை இடித்து, ஒரு பருவத்திற்குள் இரண்டையும் தேய்த்துவிடும்.

எடையும் தூரமும்

‘யு’ சட்டத்தைப் பூட்டினால் கருவி சாதாரணமாக 4 அங்குலம் பின்னுக்குத் தள்ளிப் போகிறது. சட்டத்தின் எடையும் கூடுகிறது. பெரிய டிராக்டருக்கு இது ஒரு பொருட்டன்று. சிறு டிராக்டருக்கோ கவனிக்கத் தக்க விஷயம். ஒரு கணக்கைப் பார்க்கலாம்.

750 கிலோ எடையுள்ள டிராக்டர் ஒன்றில், முன் அச்சின்மேல் 300 கிலோ இருப்பதாகக் கொள்வோம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரம் 1.5 மீட்டர். 200 கிலோ ரோட்டவேட்டரின் பாரம் பின் அச்சுக்கு 1.1 மீட்டர் பின்னால் விழுமாயின், 200-ஐ 1.1-ஆல் பெருக்கி 1.5-ஆல் வகுக்க, முன் அச்சிலிருந்து 147 கிலோ குறையும். மிச்சம் 153 கிலோ. இனி, 35 கிலோ சட்டம் பின் அச்சுக்கு 0.75 மீட்டர் பின்னால் நிற்க, ரோட்டவேட்டரின் பாரம் 1.2 மீட்டருக்குப் போனால், முன் அச்சிலிருந்து குறைவது 177 கிலோ. மிச்சம் 123 கிலோதான். டிராக்டரின் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன் சக்கரங்களில் நின்றால்தான் ஸ்டியரிங் சொன்னபடி கேட்கும் என்பது பொதுவிதி. 750-இல் ஐந்தில் ஒரு பங்கு 150. சட்டம் இல்லாதபோது விதிக்குச் சற்று மேலே இருந்த டிராக்டர், சட்டம் பூட்டியதும் விதிக்குக் கீழே போய்விடுகிறது. வாய்க்கால் வரப்பில் ஏறும்போதோ, மேட்டுப் பாதையில் போகும்போதோ அதன் முன்புறம் எழும்பும். இக்குறையை முன்புறத்தில் எடைக் கட்டிகளை மாட்டிச் சரிப்படுத்தலாம். அந்தச் செலவையும் சட்டத்தின் கணக்கிலேயே எழுத வேண்டும்.

தூக்கும் சக்தியையும் இவ்வாறே நோக்க வேண்டும். சிறு டிராக்டர்கள் பலவற்றின் தூக்கும் அளவு 750 கிலோவும் அதற்குக் குறைவுமாக இருப்பது சாதாரணம். அவ்வளவும் கீழ்க்கையின் நுனியில் தூக்கக் கூடியதே. நுனியிலிருந்து 610 மில்லிமீட்டர் பின்னால் அளந்தால் அது கணிசமாகக் குறையும். கருவி பின்னுக்குத் தள்ளத் தள்ள ஹைட்ராலிக்கின் உழைப்பு மிகும் என்பது வெளிப்படை.

பி.டி.ஓ. ஷாப்டின் நீளமும் கவனத்திற்குரியது. ஒன்றினுள் ஒன்று செல்லும் அதன் இரு குழாய்களும் வேலை செய்யும் நிலையில் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றினுள் ஒன்று இருக்க வேண்டும். கருவி 4 அங்குலம் பின்னுக்குப் போனால் அந்தப் பிடிப்பு 4 அங்குலம் குறையும். குறைந்த பிடிப்போடு சுழலும் ஷாப்ட் வளையும். சில வேளை கழன்று சாட்டைபோல் வீசும். அருகில் நிற்பவரின் உயிருக்கே அது அபாயம். ஆகவே சட்டத்தைப் பூட்டிய பின் ஷாப்டை மறுபடியும் அளந்து, போதாவிட்டால் நீண்டதாக மாற்றியே ஓட்ட வேண்டும்.

நம் கிராமங்களுக்குரிய வேறொரு சங்கடமும் இருக்கிறது. இங்கே டிராக்டர் உழவுக்கு உழைப்பது போலவே டிரெய்லர் இழுக்கவும் உழைக்கிறது. ‘யு’ சட்டம் டிராக்டரின் பின்புறத்தை அடைத்துக் கொண்டு நிற்பதால், டிரெய்லரின் ஏர்க்காலை இழுவைக் கொக்கியில் மாட்டும்போது அது இடிக்கும். டிரெய்லர் பூட்டும் ஒவ்வொரு முறையும் சட்டத்தைக் கழற்றி மாட்ட வேண்டுமாயின், விரைவு எங்கே மிஞ்சும்?

யாருக்கு எது ஏற்றது?

ஒரு ரோட்டவேட்டரும் ஒரு கொழுக் கலப்பையும் மட்டும் வைத்துக் கொண்டு, வாரத்தில் ஓரிரு முறை மாற்றுகிறவர், பாதி நாட்கள் டிரெய்லர் இழுக்கிறவர் — இவருக்கு ‘யு’ சட்டம் வேண்டாம். கீழ்க்கைகளுக்கு நீளும் நுனியோ கொக்கி நுனியோ போதும். அதுவும் வாங்க இயலாதவர், கொட்டகையில் சிறிது இடத்தைச் சிமெண்டுத் தளமாக்கி, கருவி ஒவ்வொன்றுக்கும் அதனதன் உயரத்திற்கு ஒரு தாங்கி செய்து வைத்தாலே பாதித் தொல்லை தீர்ந்துவிடும். மேடு பள்ளமான களத்து மண்ணில் சாய்ந்து கிடக்கும் கருவியை எந்த விரைவு இணைப்பாலும் விரைவாக மாட்ட முடியாது. சமதளத்தில் நேராக நிற்கும் கருவியையோ பழைய முறையிலேயே ஒருவர் தனியாக மாட்டலாம்.

நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட கருவிகளை வைத்துக் கொண்டு, தினந்தோறும் மாற்றுகிறவர், உதவிக்கு ஆளின்றித் தாமே ஓட்டுகிறவர், டிரெய்லர் வேலை அதிகமில்லாதவர் — இவருக்கு மேல் கொக்கியை ஏற்றி இறக்கக் கூடிய ‘யு’ சட்டம் செலவுக்குத் தக்க பலனைத் தரும். ஆயினும் அவருடைய கருவிகளில் பெரும்பாலானவை முதல் வகுப்பு அளவில் இருக்க வேண்டும். நான்கில் மூன்று பொருந்தவில்லையென்றால், சட்டத்தை ஒத்திவைத்து, இனி வாங்கும் கருவிகளை அளவோடு வாங்கத் தொடங்குவதே புத்திசாலித்தனம்.

வாடகைக்கு விடும் நிலையங்களின் நிலைமை வேறு. 2014-15-ஆம் வருஷத்தில் மத்திய அரசாங்கத்தார் வேளாண் இயந்திரமயமாக்கும் துணை இயக்கத்தைத் தொடங்கிய பின், கூட்டுறவுச் சங்கங்களும் உழவர் குழுக்களும் யந்திரங்களை வாங்கி வாடகைக்கு விடும் ஏற்பாடு பரவியிருக்கிறது. இத்தகைய நிலையத்தில் ஒரே நாளில் பல கருவிகள் மாறுகின்றன, ஓட்டுபவரும் மாறுகிறார், கருவி வெளியே செல்வதும் திரும்புவதும் நிலையத்தின் வாசலிலேயே நடக்கின்றன. விரைவு இணைப்பு மிகுந்த பலன் தரக்கூடிய இடம் இதுவே. முக்கோணச் சட்டமோ ‘யு’ சட்டமோ எதுவாயினும், நிலையத்தின் எல்லாக் கருவிகளும் ஒரே முறையில் அமைந்திருந்தால், உதவியாள் நடுவே நிற்கும் வழக்கத்தை அடியோடு ஒழித்துவிடலாம்.

இங்கேதான் சங்க நிர்வாகிகளுக்கும் கிராம அதிகாரிகளுக்கும் ஒரு கடமை ஏற்படுகிறது. கருவிகளுக்கு விலைப்புள்ளி கேட்கும்போது குதிரைச் சக்தியும் விலையும் மட்டுமே எழுதப்படுகின்றன. அவற்றோடு, “மூன்று முனை இணைப்பு முதல் வகுப்பு அளவில், மேல் முளையின் உயரம் 381 மில்லிமீட்டராக இருக்க வேண்டும்” என்ற ஒரு வரியையும் சேர்த்து எழுதினால் செலவு ஒரு காசும் கூடப் போவதில்லை. அந்த ஒரு வரி இல்லாமையால், ஒரே சங்கத்தின் நான்கு கருவிகள் நான்கு உயரத்தில் வந்து சேருகின்றன. பின்னர் ஒவ்வொன்றையும் பட்டறைக்கு அனுப்பித் திருத்துவது பொதுப் பணத்திற்கு நஷ்டம். உள்ளூர்ப் பட்டறைக்காரரிடம் கருவி செய்யச் சொல்லும் நிலச்சுவான்தாரும் இந்த அளவை ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்கலாம். சொன்ன அளவில் செய்து தரும் திறமை நம் பட்டறைக்காரர்களுக்கு நிரம்ப உண்டு, சொல்பவர்தாம் இல்லை.

ஓர் ஆட்சேபம்

“ஏழைக் குடியானவனுக்கு இவ்வளவு செலவு தாங்குமா? ஆள் வைத்து மாட்டுவது எவ்வளவோ மலிவல்லவா?” என்று கேட்கலாம். செலவு தாங்காதவர் சட்டம் வாங்க வேண்டியதில்லை என்பது மேலே சொல்லப்பட்டது. ஆனால் ஆள் வைப்பது மலிவு என்ற கணக்கு பூரணமானதன்று. நடுவே நின்று முளை கோத்தவரின் விரல் போனால், அவர் அப்பால் களை பறிக்கவும் கதிர் அறுக்கவும் முன்போல் இயலாது. அவர் வீட்டில் அடுப்பெரிவது அந்தக் கையினால்தான். வைத்தியச் செலவை நிலக்காரர் கொடுத்துவிடலாம். போன விரலைக் கொடுக்க முடியாது. மேலும், கருவி மாட்டுவதற்கென்று ஓர் ஆள் எந்நேரமும் கிடைப்பது வர வர அரிதாகி வருகிறது. ஒருவரே பாதுகாப்பாகச் செய்யும் முறையைப் பழகிக் கொள்வது இரு வகையிலும் அவசியம்.

“விரைவு இணைப்பு வந்துவிட்டால் அபாயமே இல்லை” என்று எண்ணுவதும் பிழை. இதுவரை சொன்ன வகைகளில் எதுவும் பி.டி.ஓ. ஷாப்டைத் தானே பூட்டுவதில்லை. கொக்கி நுனி வகையில் மேல்தண்டும் கைவேலையே. ஆகவே எந்த இணைப்பை வாங்கினாலும் சில விதிகளை மாறாமல் கைக்கொள்ள வேண்டும். டிராக்டர் நகரும்போது அதற்கும் கருவிக்கும் நடுவே எவரும் நிற்கலாகாது. வழி காட்டுபவர் பக்கவாட்டில், ஓட்டுபவரின் கண்ணுக்குத் தெரியும்படி நிற்க வேண்டும். கையால் மாட்ட வேண்டியது எதுவானாலும், என்ஜினை நிறுத்தி, பிரேக்கைப் பூட்டி, சாவியை எடுத்த பின்பே கீழே இறங்க வேண்டும். கருவி கொக்கியில் அமர்ந்ததும் ஒரு சாண் உயரம் தூக்கி, பிறகு தரையில் இறக்கி, யந்திரத்தை நிறுத்தி, இரு தாழ்ப்பாள்களும் முழுவதும் விழுந்திருக்கின்றனவா என்று கண்ணால் பார்க்க வேண்டும். சேறும் வைக்கோலும் அடைத்த தாழ்ப்பாள் பாதியில் நின்றுவிடும். பாதியில் நின்ற தாழ்ப்பாள் பாதையில் கழன்றுவிடும். வாரம் ஒரு முறை தாழ்ப்பாளைத் துடைத்து எண்ணெய் இடுவது ஐந்து நிமிஷ வேலை.

இனி வாங்க உத்தேசித்துள்ளவர்கள் செய்ய வேண்டியது எளிது. தம்மிடமுள்ள ஒவ்வொரு கருவியிலும் கீழ் முளையின் பருமன், இரு கீழ் முளைகளின் இடைத்தூரம், மேல் முளையின் பருமன், அதன் உயரம் ஆகிய நான்கையும் அளந்து ஒரு தாளில் குறித்துக் கொள்ள வேண்டும். டிராக்டரின் தூக்கும் அளவையும் ஷாப்டின் நீளத்தையும் அதன் கீழே எழுத வேண்டும். மாதத்தில் எத்தனை முறை கருவி மாற்றப்படுகிறது, எத்தனை நாள் டிரெய்லர் பூட்டப்படுகிறது என்பதையும் நேர்மையாகக் குறிக்க வேண்டும். அந்தத் தாளோடு கடைக்குச் செல்பவரை எந்த வியாபாரியும் ஏமாற்ற முடியாது. சட்டம் வேண்டுமா, கொக்கி நுனி போதுமா, அல்லது ஒரு சிமெண்டுத் தளமும் நான்கு தாங்கிகளுமே போதுமா என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும். எந்த முடிவுக்கு வந்தாலும், டிராக்டருக்கும் கருவிக்கும் நடுவே ஆளை நிறுத்தும் வழக்கத்தை அன்றோடு விட்டுவிட வேண்டும்.